மாவுக்கட்டும் குத்தூசியும்

கோலாலம்பூர்
6-6-1934

பவுனம்மாளுக்கு,

நாகையா எழுதுவது. இரண்டு நாளில் திரும்புகிறேன் என்று ரயிலேறிய மனுஷன் இன்னும் வரவில்லையே என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாய், கல்லாவைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். அப்படியே இரு. பதறும்படி இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் கால் இடறி, முழங்காலுக்குக் கீழே சின்னச் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். ஈரம் படக்கூடாதாம், அதனால் மேலே ஒரு கட்டும் போட்டிருக்கிறார்கள். கட்டில், கொசுவலை, இரண்டு வேளைச் சோறு எல்லாம் சர்க்கார் செலவு. வியாபாரி எவனாவது இதை விட்டுவிட்டு ஓடிவருவானா? கொஞ்ச நாள் இருந்து அனுபவித்துவிட்டு வருகிறேன்.

ரங்கூன் அரிசி வந்தால் எல்லா மூட்டையிலும் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே இறக்கச் சொல். மேல்மூட்டை வெள்ளையாக இருக்கிறது என்று மயங்கிவிடாதே. கடைப்பையன் கன்னையாவைத் தனியாகத் தராசுப் பக்கம் விடாதே. நல்ல பையன்தான், ஆனால் யாராவது சிரித்துப் பேசினால் ஒரு கை கூடப் போட்டுவிடுவான்.

நீ கேட்கப்போகிற அந்த விஷயம்: லோரி பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

நாகையா


கிள்ளான்
9-6-1934

லோரி முதலாளி அவர்களுக்கு,

கடையிலிருந்து பவுனம்மாள் எழுதுவது. சிராய்ப்புக்கு நாலு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வா என்று கன்னையாவை ரயிலில் அனுப்பினேன். போன பழம் அப்படியே திரும்பி வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, அது சிராய்ப்பு இல்லக்கா. மொழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா ஒடைஞ்சு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சாம். கால் பூரா வெள்ளையா சுவரு மாதிரி பூசி வச்சிருக்காங்க. விரல் மட்டும்தான் தெரியுது” என்றான். பிறகு தயங்கித் தயங்கி, அண்ணன் இதைச் சொல்ல வேண்டாமென்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று சொல்லி, சத்தியத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இடித்தது செங்கல் இல்லை, லோரி. பார்த்தது மட்டும் இல்லை, வாங்கியும் ஆகிவிட்டது.

தலையில் கூடை வைத்து வீடு வீடாகப் போய் மிளகாய் விற்றோமே, அப்போது எந்த லோரி நம் காலை உடைத்தது? மாட்டுவண்டி போதும் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். நீங்கள் லோரி வாங்கினால், அது விலைபோகும் வரைக்கும் கோலாலம்பூர் மண்ணை நான் மிதிக்கமாட்டேன் என்றும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அரிசிக் கப்பல் வேறு வந்து நிற்கிறது.

இனிமேலாவது மறைக்காமல் எழுதுங்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும். காலை எடுத்துவிடுவார்களா, வைப்பார்களா?

பவுனம்மாள்


கோலாலம்பூர்
13-6-1934

பவுனம்மாளுக்கு,

கன்னையாவிடம் சத்தியம் வாங்கினது என் புத்திகெட்ட வேலை. சரி, கேள்.

எந்தச் சாமானையும் கை வைத்துப் பார்க்காமல் நான் வாங்கினதில்லை, உனக்கே தெரியும். பிரிக்பீல்ட்ஸ் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, தன் லோரியைத் தானே முடுக்கிக் காட்டுகிறேன் என்றான். நீ தள்ளிப்போ, நானே முடுக்குகிறேன் என்று முன்னால் போய் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று சுற்றினேன். கியரில் போட்டு நிறுத்தியிருந்தான் பாவி. ஒரே உதறலில் உயிர் வந்த லோரி அப்படியே முன்னால் தாவியது. பின்னால் செங்கல் அடுக்கு, முன்னால் லோரி, நடுவில் என் கால்.

எலும்பு வெளியே எட்டிப் பார்த்ததை நானே பார்த்தேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், கோழிக்கால் கடித்து வைத்த மாதிரி. தவுக்கே என் பக்கத்தில் மண்டிபோட்டு, “நீ சாகாதே லா, நான் விலை கொறைக்கிறேன்” என்று அழுதான். பவுனம்மாள், சொன்னால் நம்பு. அந்த மாதிரி ஒரு விலை இனி எந்த ஜன்மத்திலும் கிடைக்காது. ஆள் வந்து என்னைத் தூக்குவதற்குள், படுத்த படுக்கையில் பேரத்தை முடித்துவிட்டேன். பிறகுதான் மயக்கம் வந்தது.

இனி நீ கேட்டது. டாக்டர் வெள்ளைக்காரர், சின்ன வயசு, சீமையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். அவர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வது விஜயன் என்கிற டிரஸ்ஸர், காயத்துக்கு மருந்து கட்டுகிறவர், மலையாளத்துக்காரர். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து மண்ணும் பட்டுவிட்டால், முன்பெல்லாம் முழங்காலோடு எடுத்துவிடுவார்களாம். எடுக்காவிட்டால் சீழ் ஏறி ஆளே போய்விடுவானாம். இப்போது வேறு ஒரு வழி வந்திருக்கிறது, அதைச் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். எத்தனை பேருக்குக் கால் தங்கும் என்று கேட்டேன், பாதிக்கு மேல் என்றார். முழுசுக்கு என்ன விலை என்று கேட்டேன். விஜயன் அதைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றவே இல்லை. இது பாசார் இல்லை, வாயை மூடிக்கொண்டு படுங்கள் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

மயக்க மருந்து கொடுத்து, காயத்தைக் கழுவி, மண்ணோடு செத்துப்போன சதையையெல்லாம் வெட்டி எடுத்து, எலும்பை உள்ளே தள்ளி நேராக்கினார்கள். ஆனால் காயத்தைத் தைக்கவில்லை. வாஸ்லின் தடவிய துணியை அதற்குள் திணித்து, திறந்த வாயோடு அப்படியே விட்டு, கால்விரலிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு மூடிவிட்டார்கள். ஆறு வாரம் தொடக்கூடாதாம். உள்ளே சீழ் பிடிக்குமாம், நாறுமாம், அது நல்லதாம். காய்ச்சல் வந்தால் மட்டும்தான் திறப்பாராம். காய்ச்சல் வந்து திறந்தால், அப்புறம் காலைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்றார்.

ஆகவே கால் இருக்கிறது. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கே கண்ணில் படவில்லை.

நாகையா


கிள்ளான்
18-6-1934

படுத்துக்கொண்டே பேரம் பேசியவர் அவர்களுக்கு,

பவுனம்மாள் எழுதுவது. உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் லோரி விலையைப் படிக்கும் இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. மூன்றாம் தரம் நிதானமாகப் படித்தபோதுதான் பயம் வந்தது.

கிழிந்த சாக்கைத் தைக்காமல், உள்ளே இருக்கிற சரக்கு நாறும் என்று அவர்களே சொல்லிவிட்டு, மேலே சுவர் எழுப்பி, ஆறு வாரம் பார்க்காதே என்கிறார்கள். இதே பேச்சை துறைமுகத்தில் எவனாவது அரிசி விற்கிறவன் உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொந்தத் தம்பி கொண்டுவந்த மூட்டையைக்கூடக் குத்தாமல் இறக்காத மனுஷன் நீங்கள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தானே. அரிசிக்கு அப்படி, காலுக்கு இப்படியா?

டாக்டர் கெட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரரும் கண்ணால் பார்த்தால்தானே சொல்ல முடியும்? இங்கே ஆற்றோரக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், எலும்பு கட்டுகிற மலாய்க்காரர் ஒருவர் இருக்கிறார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தினம் அவிழ்த்து எண்ணெய் தடவுவாராம். தினம் அவிழ்ப்பார் என்பதைக் கவனியுங்கள்.

தவுக்கேயின் ஆள் லோரியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். அதன் மேல் தார்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டேன். பார்க்கிற நேரமெல்லாம் வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அடியில் முட்டை இடுகின்றன. இதுவரை அந்த லோரியால் நமக்கு வந்த வரும்படி அதுதான்.

பவுனம்மாள்


கோலாலம்பூர்
29-6-1934

பவுனம்மாளுக்கு,

நாகையா எழுதுவது. இந்தக் கடிதத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படிக்காதே.

டாக்டர் சொன்ன நாற்றம் வந்துவிட்டது. வந்தது என்று சொன்னால் போதாது, வந்து கட்டில் போட்டுக் குடியேறிவிட்டது. நான் கருவாட்டுச் சிப்பத்துக்கு நடுவில் படுத்துத் தூங்கியவன். மழையில் நனைந்து முளைத்த வெங்காயம் பொறுக்கியவன். என்னாலேயே முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் அப்துல் ஜலீல் என்று ஜவுளி வியாபாரி, குடலிறக்கத்துக்கு வந்தவர், தங்கமான மனிதர். முதல் வாரம் அத்தர் தடவிய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு என்னோடு பேசினார். இரண்டாம் வாரம் பேசுவதை நிறுத்தினார். போன வெள்ளிக்கிழமை டாக்டரிடம், எனக்குக் குடல் சரியாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று காலைப் பிடித்தாராம். இன்னும் அவருக்கு அறுவைச் சிகிச்சையே நடக்கவில்லை.

என்னை வராந்தாக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே எனக்குத் துணை காக்கை. டாக்டர் மட்டும் தினமும் வந்து குனிந்து முகர்ந்து பார்த்து, நல்ல நாற்றம் என்கிறார். உடம்புச் சூட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறார். போய்விடுகிறார். அவர் போன பிறகு எனக்கு யோசனை. அவர் மூக்கை நம்பி நான் எத்தனை நாள் படுப்பது? உள்ளே கால் இருக்கிறதா, கரைந்து கூழாகிவிட்டதா? ஒரு பக்கம் அரிப்பு, ஒரு பக்கம் ஏதோ ஊர்கிற மாதிரி. நீ எழுதியதை வேறு நினைத்துக்கொள்கிறேன்.

அது இருக்கட்டும். கன்னையா அடுத்த தரம் வரும்போது நம் குத்தூசியைக் கொடுத்துவிடு. இங்கே வார்டில் ஒருவர் நல்ல சம்பா அரிசி ஒரு மூட்டை விற்கிறாராம். பார்த்து வாங்கலாம் என்று இருக்கிறேன்.

நாகையா


கிள்ளான்
2-7-1934

சம்பா அரிசிக்காரர் அவர்களுக்கு,

எந்த நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை வைத்து விற்கிறான்? பதினெட்டு வருஷம் உங்களோடு குப்பை கொட்டியவளிடம் இந்தக் கதையா?

முறுக்கு டின்னுக்குள் அடியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். சுடுதண்ணீரில் கழுவி, துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். அனுப்புவதா வேண்டாமா என்று காலையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கன்னையா ரயிலுக்கு நேரமாச்சு என்று நின்றான், போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மேலாகக் குத்துங்கள். ஆழம் வேண்டாம். என்ன வந்தது என்று அன்றைக்கே எழுதுங்கள். கால் போய்விட்டது என்றால் அதையும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பவுனம்மாள்


கோலாலம்பூர்
15-7-1934

பவுனம்மாளுக்கு,

நாகையா எழுதுவது. நீ ஊருக்குத் திரும்பிப் போய் நாலு நாள் ஆகிறது. நீ வந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. விஜயன் சொல்லித்தான் எல்லாம் தெரிகிறது. ஆகவே அவர் சொன்னதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து.

குத்தினது உண்மை. முழங்காலுக்குக் கீழே, ஓரமாக, அரிசி மூட்டையில் குத்துகிற மாதிரி ஒரு திருகு திருகிச் செருகினேன். கட்டு சாக்கு மாதிரி இளகவில்லை, கொஞ்சம் பலம் கொடுத்தேன். குத்தூசியின் குழலுக்குள் வந்தது கறுத்த துணித் துணுக்கும் சீழும். அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, சரக்கு மோசம் என்று முடிவு செய்தேன். உனக்கு எழுதலாம் என்று காகிதம் எடுத்தேன். மறுநாள் குளிர் வந்தது. அதற்கு மறுநாள் கட்டில் ஆடுகிற மாதிரி காய்ச்சல். அதோடு சரி.

கன்னையா வந்து பார்த்துவிட்டு ஓடியிருக்கிறான். நீ ரயிலுக்குக்கூடக் காத்திருக்காமல், தார்பாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆள் பிடித்து அந்த லோரியிலேயே வந்து இறங்கினாயாமே. அது விலைபோகும் வரை கோலாலம்பூர் மண்ணை மிதிப்பதில்லை என்று சொன்னவள்தானே நீ?

வாசலில் குமாஸ்தா நோயாளி பேர் என்ன என்று கேட்க, புருஷன் பேரைச் சொல்லமாட்டேன் என்று நீ கையைப் படம் எடுத்தாற்போல் வைத்து ஆட்டிக் காட்டினாயாம். அவன் அலறிப்போய் உன்னைப் பாம்புக்கடி வார்டுக்கு அனுப்பிவிட்டான். அங்கே உனக்கே ஊசி போடப் பார்த்தார்களாம். விஜயன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அடுத்ததையும் அவர் சொன்னார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காலை எடுக்கச் சம்மதமா என்று டாக்டர் உன்னைக் கேட்டார். நீ சம்மதம் என்றாய். கையெழுத்தும் போட்டாய். என்னை அறுக்கிற அறைக்குள் கொண்டுபோய்க் கட்டை உடைத்துப் பார்த்த பிறகுதான், உள்ளே பழைய காயம் சிவப்பாக, சுத்தமாக, சதை பிடித்து வளர்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. கெட்டது நான் குத்தின வழி மட்டும். அதை வெட்டிக் கழுவி, துணி திணித்து, மறுபடியும் மாவுக்கட்டு. மறுபடியும் ஆறு வாரம்.

டாக்டர் கடைசி நிமிஷத்தில் கையை நிறுத்தாவிட்டால் நான் இன்றைக்கு ஒற்றைக்காலன். பவுனம்மாள், சின்ன வயசிலிருந்து என் கையிலிருந்து ஒரு சாமான் என்னைக் கேட்காமல் விலைபோனதில்லை. என் காலை யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?

நாகையா


கிள்ளான்
18-7-1934

கால்காரர் அவர்களுக்கு,

பவுனம்மாள் எழுதுவது. யாரையும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஆள் ரங்கூன் கப்பல் வந்ததா, வந்ததா என்று உளறிக்கொண்டிருந்தார். நான் அவர் காதுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

பாம்பு வார்டு விஷயம் உண்மை. அதைப் பற்றி நீங்கள் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லிச் சிரிக்கலாம். மற்றதைக் கேளுங்கள். டாக்டர் இங்கிலீஷில் கேட்டதை விஜயன் தமிழில் சொன்னார். “காலா, ஆளா, அதுதாம்மா கேக்கறாரு.” நான், ஆள் என்றேன். யோசிக்க நேரம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இன்னொரு தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். காற்றடித்துப் படகு சாய்கிறபோது எந்த மூட்டையைக் கடலில் தள்ளுவது என்று நீங்கள் பேரம் பேசுவீர்களா? பேசுவீர்கள். அதனால்தான் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது நல்லதாயிற்று.

குத்தூசியை அனுப்பியவள் நான்தான். அதை நீங்கள் உங்கள் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் அந்தக் குத்தூசியால் அரிசி பார்க்க மனம் வரவில்லை. கருமானிடம் புதுசாக ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒற்றைக்கால் ஆனால் என்ன செய்வீர்கள் என்று நான் வரும்போது லோரியில் யோசித்துக்கொண்டே வந்தேன். கல்லாவுக்குப் பின்னால் உட்காருவீர்கள். ஒருநாளும் எழுந்து போகமாட்டீர்கள். எல்லாரையும் உட்கார்ந்த இடத்திலிருந்து விரட்டுவீர்கள். அதுவும் எனக்குச் சம்மதமாகத்தான் பட்டது.

பவுனம்மாள்


கோலாலம்பூர்
3-8-1934

பவுனம்மாளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. எழுத என்னிடம் சரக்கு இல்லை. நாலைந்து தரம் கோபமாக ஆரம்பித்தேன், பாதியில் சுருதி இறங்கிவிட்டது.

நாற்றம் மறுபடியும் வந்துவிட்டது. காய்ச்சல் வரவில்லை. புதுக்கட்டின் மேல் டாக்டர் மையால் இங்கிலீஷில் ஏதோ எழுதி வைத்திருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று விஜயனைக் கேட்டேன். “தொடாதே. இது அரிசி இல்லை” என்று எழுதியிருக்கிறதாம்.

தொடவில்லை. பென்சிலைக்கூடப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எட்டின தூரத்தில் ஒரு குச்சி கிடந்தது, அதை எடுத்துக் காக்கை மேல் எறிந்துவிட்டேன். அரிக்கிறபோது பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறேன். ஏழாம் வாய்ப்பாட்டில் அடங்கிவிடுகிறது.

அப்துல் ஜலீலுக்கு ஒருவழியாக அறுவை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற அன்று வராந்தா வரைக்கும் வந்து, தூர நின்று, நல்லா இருங்க அண்ணே என்று கும்பிட்டார். கைக்குட்டை இல்லாமல் வந்தார். பெரிய மனசு.

படுத்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். நீ அன்றைக்கு அங்கே இல்லாமல் நான் மட்டும் புத்தியோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? முழங்காலுக்குக் கீழே வேண்டாம், கணுக்காலோடு விடுங்கள், சரி நடுவில் பிடியுங்கள் என்று பேசிக்கொண்டே செத்திருப்பேன்.

நாகையா


கிள்ளான்
8-8-1934

வாய்ப்பாடு வாத்தியார் அவர்களுக்கு,

பவுனம்மாள் எழுதுவது. கோபம் தீர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குப் படிக்கத் தெரியும்.

இங்கே ஒரு செய்தி. உங்களைப் பார்க்க லோரியை ஓட்டிவந்தானே பாலன், அவனை நிறுத்திக்கொண்டேன். தார்பாயை எடுத்த பிறகு மறுபடி போர்த்த யாருக்கும் நேரமில்லை. சுங்கை வே பக்கம் தோட்டத்துக்காரர்கள் அரிசி கேட்டு ஆள் அனுப்பினார்கள். மாட்டுவண்டியில் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லோரியில் அனுப்பினேன், சோற்றுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டான். அதற்காக அந்த லோரியை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆள் மாதிரிதான் அதுவும், முகம் கொடுத்துப் பேச வேண்டுமென்று இல்லையே.

கோழிகள் மட்டும் என் மேல் வருத்தமாக இருக்கின்றன.

எப்போது திறக்கிறார்கள்? திறக்கிற அன்று நான் வரவா? நீங்கள் வா என்றால் வருகிறேன்.

பவுனம்மாள்


கோலாலம்பூர்
27-8-1934

பவுனம்மாளுக்கு,

நாகையா எழுதுவது. திறந்துவிட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாமல் உன்னைப் பக்கத்தில் நிற்கவைக்கத் தைரியம் வரவில்லை.

பெரிய கத்தரியால் வெட்டிப் பிளந்தார்கள். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள், எழ முடியாதவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். விஜயன் வெந்நீரால் கழுவினார். பிறகு, பாருங்க என்றார். பார்த்தேன்.

பவுனம்மாள், கால் இருக்கிறது. முருங்கைக்காய் மாதிரி இளைத்து, பாம்புத்தோல் மாதிரி உரிந்து, பார்க்கச் சகிக்காமல் இருக்கிறது. ஆனால் விரலை அசை என்றார் டாக்டர், அசைத்தேன். அசைந்தது. எலும்பு ஒட்டிவிட்டது என்று படம் எடுத்துக் காட்டினார். புகை மாதிரி தெரிந்தது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தது என்று தலையாட்டினேன். கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடப்பேனாம், குட்டையாகவும் இருக்குமாம். நடப்பேன் என்கிற வார்த்தையோடு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. உடைந்த இடத்தில் ஒரு சில்லு எலும்பு ஒட்டாமல் செத்துப்போய் உள்ளே கிடக்கிறதாம். அது இருக்கிற வரை சீழ் நிற்காதாம். மறுபடியும் திறந்து அதை எடுக்க வேண்டும் என்கிறார். எடுக்கிறபோது அக்கம் பக்கம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம்.

இந்தக் கையால் வெற்றுத்தாளில் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அண்ணன் தம்பிக்குப் போட்டதில்லை, செட்டியாருக்குப் போட்டதில்லை. டாக்டர் தாளை நீட்டினதும் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு எடுப்பீர்கள், எதற்கு மேல் எடுக்கமாட்டீர்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். இன்னொரு வெற்றுத்தாள் கேட்டு வாங்கி, அடியில் கையெழுத்து மட்டும் போட்டேன். மேலே இருக்கிற இடத்தை என் பெண்சாதி நிரப்புவாள், அவள் என்ன எழுதுகிறாளோ அதுதான் என் சம்மதம் என்று சொன்னேன். விஜயன் இதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர், வியாழக்கிழமை வரை காத்திருக்கிறேன் என்றார்.

தாளைக் கன்னையாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ என்ன எழுதினாலும் நான் பேசமாட்டேன். ஆனால் போன தரம் மாதிரி முதல் விலையிலேயே கொடுத்துவிடாதே. கொஞ்சம் பேசிப் பார்.

நாகையா


கிள்ளான்
29-8-1934

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

பவுனம்மாள் எழுதுவது. தாள் வந்தது. கடையை நடுப்பகலில் சாத்திவிட்டு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

பேசிப் பார்த்துவிட்டேன். டாக்டரோடு இல்லை, என்னோடு. உங்கள் கையெழுத்துக்கு மேலே இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன், விஜயனை விட்டு அவருக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்:

செத்ததை மட்டும் எடுக்கவும். மிச்சம் எல்லாம் என்னுடையது.

பவுனம்மாள்